கனக்கா, கனாக்: ஒரு மக்கட்பெயரின் பொருளும் வழக்கும்

கனக்கா என்பது பசிபிக் பெருங்கடலின் தீவு மக்களைக் குறிக்க 19-ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் பெயர். ஹவாய் மொழியில் இதன் பொருள் ‘மனிதர்’ என்பதே. மாலுமிகள், வணிகர்கள், தோட்ட முதலாளிகள் வழியாக இச்சொல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளுக்குச் சென்றது. சென்ற இடங்களில் எல்லாம் அது பொருள் மாறி, இழிவுக் குறிப்பு ஏறி, பல இடங்களில் வசையாகவே ஆகிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நியூ கலிடோனியாவின் பூர்வகுடி மக்கள் அதே சொல்லை ‘கனாக்’ என்று மாற்றி எழுதித் தம் இனத்தின் பெயராக ஏற்றுக்கொண்டனர்.

இன்று இச்சொல் ஹவாயில் மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர். ஆஸ்திரேலியாவில் அது புண்படுத்தும் பெயர். நியூ கலிடோனியாவில் அரசு ஒப்பந்தத்தில் இடம்பெற்ற பெயர். ஜெர்மனியில் பசிபிக்குடன் தொடர்பே இல்லாத குடியேறிகள் மீது வீசப்படும் தெருவசை. அகராதிகள் பலவும் ‘பசிபிக் தீவுவாசி’ என்று ஒரு வரியில் பொருள் கூறி நிறுத்திக்கொள்கின்றன. அவ்வரி தவறானது அல்ல. ஆனால் அதை மட்டும் நம்பி இச்சொல்லைப் பயன்படுத்துபவர் ஓரிடத்தில் மரியாதையாகவும் இன்னோரிடத்தில் அவமதிப்பாகவும் பேசிவிடுவார். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமலே பேசுவார்.

சொற்பிறப்பு

பொலினீசிய மொழிகள் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. மனிதரைக் குறிக்கும் சொல் அவற்றில் பெரும்பாலும் ஒன்றே. மாவோரி, தோங்கா, சமோவா மொழிகளில் அது ‘தங்கத்தா’. தஹீத்தி மொழியில் நடு மெய் தேய்ந்து ‘தஅத்தா’ என்று ஒலிக்கிறது. ஹவாய் மொழியில் பழைய தகரம் ககரமாகவும், மெல்லின ஙகரம் னகரமாகவும் மாறின. எனவே தங்கத்தா அங்கே கனக்கா ஆயிற்று. ஒருவரைக் குறிக்கும்போது கனக்கா; பலரைக் குறிக்கும்போது முதல் உயிர் நீண்டு கானக்கா.

‘கானக்கா மாவோலி’ என்ற தொடர் ‘உண்மையான மக்கள், மண்ணுக்குரிய மக்கள்’ என்ற பொருளில் ஹவாய்ப் பூர்வகுடிகளைக் குறிக்கிறது. இதிலுள்ள மாவோலி என்ற சொல்லும் நியூசிலாந்தின் மாவோரி என்ற பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நியூசிலாந்தில் பூர்வகுடிகளைக் குறிக்கும் ‘தங்கத்தா வெனுவா’ என்ற தொடருக்கு ‘நிலத்தின் மக்கள்’ என்று பொருள். ஆக, இக்குடும்பத்தில் மக்கட்பெயர் என்று தனியாக ஒன்று முதலில் இல்லை. தம்மை மனிதர் என்று சொல்லிக்கொண்டார்கள்; வெளியார் வந்தபின்தான் ‘எந்த மனிதர்’ என்று விளக்கவேண்டிய தேவை ஏற்பட்டது. உலகின் பல மக்கள் கூட்டங்களின் பெயர்களுக்கு வேர்ப்பொருள் தேடினால் ‘மனிதர்’ என்பதில் போய் முடிவது இதனால்தான்.

கப்பல்களில்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஹவாய்த் தீவுகள் பசிபிக்கைக் கடக்கும் கப்பல்களுக்குத் தங்குமிடம் ஆயின. திமிங்கில வேட்டைக் கப்பல்களும் மென்மயிர் வணிகக் கப்பல்களும் அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டன. கடலை அறிந்தவர்கள், நீச்சலில் தேர்ந்தவர்கள் என்பதால் ஹவாய் மாலுமிகளுக்கு நல்ல மதிப்பு இருந்தது. அவர்கள் தம்மைச் சொல்லிக்கொண்ட சொல்லையே மற்ற மாலுமிகளும் கேட்டு வழங்கினர்.

ரிச்சர்டு ஹென்றி டானா 1840-இல் வெளியிட்ட கடற்பயண நூலில் கலிபோர்னியக் கடற்கரையில் தோல் பதனிடும் கொட்டகைகளில் தங்கியிருந்த கனக்காக்கள் வருகின்றனர். அவர்களிடையே டானாவுக்கு நெருங்கிய நண்பர்கள் இருந்தனர். நூலில் அச்சொல் பெரும்பாலும் இழிவுக் குறிப்பின்றியே நிற்கிறது. இன்றைய வாஷிங்டன் மாநிலத்திலுள்ள வான்கூவர் கோட்டையை ஒட்டி ஹவாய்த் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்புக்கு ‘கனக்கா கிராமம்’ என்று பெயர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கனக்கா ஓடை போன்ற இடப்பெயர்கள் இன்றும் உள்ளன.

இந்தக் கட்டத்தில் நிகழ்ந்த மாற்றம் சிறியதாகத் தோன்றும். ஆனால் பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் அதுவே வழி திறந்தது. ‘மனிதர்’ என்ற பொதுச்சொல் ‘ஹவாய்க்காரர்’ என்று சுருங்கியது. பிறகு ஹவாய்க்காரரோடு நிறுத்தாமல், ‘தென்கடல் தீவுகளைச் சேர்ந்த யாரும்’ என்று விரிந்தது. சொல்லின் எல்லையை வகுக்கும் உரிமை சொல்லுக்கு உரியவரிடமிருந்து கேட்டவரிடம் போயிற்று. ஒரு முறை அது கைமாறிய பிறகு, அச்சொல்லை யார்மேல் ஒட்டுவது என்பதை அழைப்பவரே தீர்மானித்தார்.

கரும்புத் தோட்டங்களில்

1863-இல் ராபர்ட் டவுன்ஸ் என்ற வணிகர் தம் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்வதற்காக 67 தீவினரை ‘டான் ஜுவான்’ என்ற கப்பலில் பிரிஸ்பேனுக்குக் கொண்டுவந்தார். குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பருத்தியைத் தொடர்ந்து கரும்பு வந்தது. 1904 வரை ஏறத்தாழ 62,000 ஒப்பந்தங்களின் பேரில் தீவினர் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றைய வனுவாட்டு, சாலமன் தீவுகளைச் சேர்ந்தவர்கள். சிலர் விரும்பி வந்தனர், சிலர் ஏமாற்றப்பட்டனர், சிலர் நேரடியாகக் கடத்தப்பட்டனர்.

இவர்கள் எல்லோருக்கும் குயின்ஸ்லாந்தில் வழங்கிய பெயர் கனக்கா. இப்பெயருக்கு அவர்கள் மொழிகளில் எந்தப் பொருளும் இல்லை. அவர்களுள் ஹவாய்க்காரர் அரிது. வனுவாட்டுத் தீவுகளில் மட்டும் நூறுக்கு மேற்பட்ட மொழிகள் உண்டு. அண்டைத் தீவுக்காரர் பேசுவதே ஒருவருக்குப் புரியாது. அந்த வேறுபாடுகள் அனைத்தும் தோட்டத்தின் பதிவேட்டில் ஒரே சொல்லாயின. அரசாங்கமும் இதில் பின்தங்கவில்லை. 1868-இல் குயின்ஸ்லாந்து சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயர் ‘பொலினீசியத் தொழிலாளர் சட்டம்’. அச்சட்டம் ஆள வந்த மக்களோ பெரும்பான்மையும் மெலனீசியர். எந்த மக்கள் என்பது சட்டம் எழுதியவருக்குப் பொருட்டாக இல்லை. எத்தனை பேர், எவ்வளவு காலம், என்ன கூலி என்பவையே பொருட்டாக இருந்தன.

ஆஸ்திரேலியக் கூட்டரசு உருவான 1901-லேயே பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டம் வந்தது. ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கையின் பகுதியான அச்சட்டத்தின்படி, 1906 முதல் 1908 வரையிலான ஆண்டுகளில் தீவினரில் பெரும்பாலோர் நாடு கடத்தப்பட்டனர். ஒரு பகுதியினர் மட்டும் தங்கினர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தம்மை ‘ஆஸ்திரேலியத் தென்கடல் தீவினர்’ என்று அழைத்துக்கொள்கின்றனர். 1994-இல் ஆஸ்திரேலிய அரசும், 2000-இல் குயின்ஸ்லாந்து அரசும் அவர்களைத் தனி மக்கள் கூட்டமாக அங்கீகரித்தன.

1967-இல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் உரிமைக்காக நடந்த பொதுவாக்கெடுப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஃபெய்த் பேண்ட்லர் இவ்வழி வந்தவர். அவர் தந்தை வனுவாட்டின் அம்ப்ரிம் தீவிலிருந்து 1883-இல் கொண்டுவரப்பட்டவர். தந்தையின் வாழ்க்கையைக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1977-இல் வெளிவந்தது. நூலுக்கு அவர் வைத்த தலைப்பு ‘வாக்வி’. அது தந்தையின் தீவுப்பெயர். தோட்டத்தில் அவருக்கு வாய்த்த பெயரோ பீட்டர். கனக்கா என்ற பொதுப்பெயருக்கு எதிராக ஒரு தனிமனிதரின் பெயரை முன்வைப்பதைவிட நேரான மறுப்பு இருக்க முடியாது.

நியூ கலிடோனியாவில்

கப்டன் குக் 1774-இல் நியூ கலிடோனியா என்று பெயரிட்ட தீவை பிரான்சு 1853 செப்டம்பர் 24 அன்று தனதாக்கிக்கொண்டது. அங்குள்ள மக்கள் 28 மொழிகளைப் பேசுபவர்கள். தம் குலம், தம் தலைமை, தம் மண் என்ற அளவில் அவர்களுக்குப் பெயர்கள் இருந்தன. தீவு முழுமைக்கும் ஒரு பெயர் இருக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியாளர்கள் ஆங்கில மாலுமிகள் வழியாக வந்த சொல்லைப் பிரெஞ்சு எழுத்துமுறையில் எழுதி எல்லோருக்கும் பொதுவாக வழங்கினர். ஆட்சி தொடங்கியபின் அச்சொல் மனிதருக்கு மட்டுமன்றி ‘நாகரிகமற்றது’ என்று கருதப்பட்ட எதற்கும் அடையாயிற்று.

அதன் உச்சம் 1931. பாரிசில் நடந்த காலனியக் கண்காட்சியை ஒட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட கனாக் மக்கள் அங்குள்ள பூங்கா ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டனர். அவர்களில் கிறித்தவ வழிபாட்டில் ஊறியவர்களும் பிரெஞ்சு அறிந்தவர்களும் இருந்தனர். அவர்களை நரமாமிசம் உண்பவர்களாக நடிக்கச் செய்தனர். ஒரு பிரிவினர் ஜெர்மனிக்கும் அனுப்பப்பட்டனர். டிடியே டெனான்க்ஸ் 1998-இல் எழுதிய பிரெஞ்சு நாவல் இந்நிகழ்ச்சியைக் கதையாக்கியது. அதே ஆண்டில் பிரான்சு உலகக்கோப்பைக் கால்பந்தை வென்றபோது அவ்வணியில் ஆடிய கிறிஸ்தியான் கரம்பேயின் கொள்ளுத்தாத்தா, 1931-இல் காட்சிக்கு வைக்கப்பட்டவர்களுள் ஒருவர்.

இச்சொல்லை மீட்கும் முயற்சி 1969-இல் தொடங்கியது எனலாம். பாரிசில் படித்துத் திரும்பிய மாரே தீவின் தலைமைக் குடும்பத்து இளைஞர் நிதோயிஷ் நெஸ்லின், ‘செங்கழுத்துத்துணி’ என்ற பொருள்படும் இயக்கத்தை அந்த ஆண்டு தொடங்கினார். அவ்வியக்கத்தினர் வசைச்சொல்லைத் தவிர்க்கவில்லை. அதையே தம் ஏட்டின் பெயரில் வைத்தனர். 1975-இல் ழான்-மரி ஜிபாவு ‘மெலனீசியா 2000’ என்ற விழாவை நூமியாவில் நடத்தினார். தீவின் பைசீ மொழிப் பகுதியில் வழங்கும் தோற்றக்கதையின் நாயகன் தேயா கனாக்கே. ஒலியில் கனாக் என்பதோடு நெருங்கிய இப்பெயரை விழாவின் நாடகம் மையத்தில் வைத்தது. வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு உள்ளூர் மூதாதை ஒருவர் கிடைத்தார்.

1984-இல் விடுதலை இயக்கங்கள் ஒரே முன்னணியாக ஒன்றிணைந்தபோது பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் கைவிடப்பட்டு, ககர ஒலிக்குரிய ‘கே’ எழுத்தால் தொடங்கி அதிலேயே முடியும் எழுத்துக்கூட்டல் உறுதியானது. முன்னிருந்தும் பின்னிருந்தும் வாசித்தால் அது ஒன்றே. நாட்டுக்கு ‘கனாக்கி’ என்று பெயரிட்டனர். பிரெஞ்சில் பெயரடைகள் பால், எண் காட்டி விகுதி ஏற்கும். கனாக் என்ற சொல் எந்த விகுதியும் ஏற்காது என்று இயக்கத்தினர் வைத்துக்கொண்டனர். ஆட்சியாளர் மொழியின் இலக்கணத்துக்குள் இருந்துகொண்டே அதற்கு வளையாமல் நிற்கும் சொல்லாக அதை ஆக்கினர்.

1988-இல் உவேயா தீவில் இரத்தம் சிந்திய பிறகு மத்தின்யோன் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு ஜிபாவு கொலையுண்டார். 1998 மே 5 அன்று கையெழுத்தான நூமியா ஒப்பந்தத்தின் முகவுரை, காலனியாட்சி கனாக் மக்களின் மதிப்பைக் குலைத்து அடையாளத்தைப் பறித்தது என்று ஒப்புக்கொண்டது. கனாக் மொழிகள் பிரெஞ்சுடன் கல்விக்கும் பண்பாட்டுக்கும் உரிய மொழிகள் என்றது. 1931-இல் விலங்குக்காட்சி வேலிக்குள் நின்ற பெயர், 67 ஆண்டுகளில் அரசு ஒப்பந்தத்தின் முகவுரைக்கு வந்து சேர்ந்தது.

ஜெர்மனியில்

1914 வரை ஜெர்மனிக்கு நியூகினியிலும் சமோவாவிலும் காலனிகள் இருந்தன. அதையொட்டி ஜெர்மன் மொழியில் நுழைந்த இச்சொல், தீவுகள் கைவிட்டுப் போன பிறகும் போகவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் துருக்கி முதலான நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த மக்களை இழித்துரைக்க அது பயன்பட்டது. சொல்லை எறிந்தவருக்கும், அது பட்டவருக்கும் ஹவாய் எங்கிருக்கிறது என்பதே நினைவில் இருந்திராது. 1995-இல் துருக்கி வழிவந்த எழுத்தாளர் ஃபெரிதுன் ஸைமோக்லு தம் நூலுக்குத் தலைப்பாகவே இவ்வசையை வைத்தார். நியூ கலிடோனியாவில் நடந்ததைப் போன்ற மீட்பு அங்கும் நடந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கனாக் மக்கள் அச்சொல்லின் கீழ் ஒரு நாட்டைக் கோரினர். ஜெர்மனியின் இளைஞர்கள் அச்சொல்லை ஏந்தி, தம்மை எந்த இனப்பெயராலும் வகைப்படுத்த வேண்டாம் என்றனர்.

இரண்டு தவறான முடிவுகள்

இவ்வரலாற்றை அறிந்தவர்களிடையேகூட இரண்டு கருத்துகள் அடிக்கடி எழுகின்றன. முதலாவது: கனக்கா என்றால் மனிதர் என்றுதான் பொருள், ஆகவே அதில் இழிவு ஒன்றுமில்லை, புண்படுவோர் வேர்ப்பொருள் அறியாதவர். இது சொற்பிறப்பை வாதமாக்கும் பழக்கம். சொல்லின் வேர் அதன் பயணத்தின் தொடக்கத்தை மட்டுமே காட்டும். குயின்ஸ்லாந்தில் அச்சொல்லைக் கேட்ட அம்ப்ரிம் தீவுக்காரருக்கு அதன் வேர் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது அவர் மொழியின் வேர் அல்ல. அவர் அறிந்தது அதைச் சொன்ன வாயையும், சொன்ன இடத்தையும்தான்.

இரண்டாவது: அது வசையாக இருந்தது, எனவே யாரும் எங்கும் பயன்படுத்தக்கூடாது. இது நல்லெண்ணத்தால் வருவது. ஆனால் இதை ஏற்றால் கனாக் மக்களின் கையிலிருந்து அவர்கள் தேர்ந்த பெயரையே பிடுங்கவேண்டி வரும். ஹவாயில் ஒருவர் தம்மைக் கனக்கா என்று சொல்லும்போது அவரைத் திருத்தவேண்டி வரும். ‘மெலனீசியர்’ என்று மாற்றிச் சொல்வது பாதுகாப்பானது என்று கருதுவோரும் உண்டு. அச்சொல்லோ 1830-களில் பிரெஞ்சுக் கடலோடி ட்யூமோன் டுர்வில் பசிபிக்கை மூன்றாகப் பிரித்தபோது தோல்நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். ‘கருந்தீவுகள்’ என்பதே அதன் பொருள். அறிவியல் போலத் தோன்றுவதால் அதன் இழிவு கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

ஆகவே, கேட்கவேண்டிய கேள்வி ‘இச்சொல் நல்லதா, கெட்டதா’ என்பதல்ல. ‘இப்பெயரை இங்கே இம்மக்கள் தமக்கென ஏற்றிருக்கிறார்களா’ என்பதே. ஆஸ்திரேலியத் தென்கடல் தீவினர் ஏற்கவில்லை. நியூ கலிடோனியாவின் கனாக் மக்கள் ஏற்றனர். பப்புவா நியூகினியின் தோக் பிசின் மொழியில் கனக்கா என்றால் ‘காட்டான்’ என்பதுபோல் ஒலிக்கும். ஒரே கடலின் மூன்று கரைகளில் மூன்று விடைகள்.

மீட்பின் எல்லைகள்

மீட்டெடுத்த பெயர் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடுவதில்லை. கனாக் என்ற பெயர் 28 மொழிக்காரர்களை இணைத்தது. அதே நேரத்தில் அது ஒரு வேலியும் ஆயிற்று. நியூ கலிடோனியாவில் வாலிஸ், ஃபுத்துனா தீவுகளிலிருந்து குடியேறிய மக்கள் கணிசமாக உள்ளனர். அவர்கள் பேசுவது பொலினீசிய மொழிகள். தங்கத்தா என்ற சொல் அவர்களிடம் இன்றும் மனிதரைக் குறிக்கிறது. கனக்காவின் உடன்பிறந்த சொல்லை வீட்டில் பேசுபவர்கள் கனாக் அல்லர். கனாக் மொழிகளிலோ ஒன்று தவிர மற்றவை பொலினீசியக் கிளையைச் சேர்ந்தவை அல்ல. பெயர் மொழியைவிட்டு முற்றிலும் விலகி, அரசியல் உறவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டதற்கு இதுவே சான்று.

அந்த உறவின் எல்லை எங்கே என்பது வாக்குச்சீட்டுப் பிரச்சினை. 2019 கணக்கெடுப்பின்படி நியூ கலிடோனியாவின் மக்கள்தொகை 2,71,407. அதில் தம்மைக் கனாக் என்று குறித்தவர்கள் சுமார் 41 விழுக்காடு. தம் சொந்த மண்ணில் அவர்கள் பாதிக்கும் குறைவு. 2018, 2020, 2021 ஆண்டுகளில் நடந்த மூன்று பொதுவாக்கெடுப்புகளிலும் விடுதலைக்கு எதிரான முடிவே வந்தது. மூன்றாவதை விடுதலைத் தரப்பு புறக்கணித்தது. 2024 மே மாதத்தில் உள்ளூர்த் தேர்தல்களின் வாக்காளர் பட்டியலைப் புதிதாகக் குடியேறியோருக்கும் திறக்கும் முயற்சி பெரும் கலவரத்தில் முடிந்தது. ‘நாங்கள் யார்’ என்ற பெயர்க் கேள்வி, ‘யாருக்கு வாக்கு’ என்ற கேள்வியாக மாறும்போது உயிர்கள் போகின்றன. மக்கட்பெயரைப் பற்றிய ஆராய்ச்சியை அகராதி வேலை என்று ஒதுக்க முடியாமைக்குக் காரணம் இது.

ஹவாயிலும் இதன் இன்னொரு வடிவம் உண்டு. 1921-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஹவாய் வீட்டுநிலச் சட்டம், பாதிக்குக் குறையாத ‘இரத்தம்’ உள்ளவரையே பூர்வகுடி ஹவாயர் என்று வரையறுத்தது. கானக்கா மாவோலி என்ற பெயரை விரும்புவோர் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. மூதாதையரை எண்ணிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். இரத்தத்தைப் பின்னமாக்குவது ஆட்சியின் வழக்கம்.

தமிழில் இச்சொல்

பெயரிடப்பட்டவர்களின் இந்த அனுபவம் தமிழுக்குப் புதிதல்ல. உழைப்புக்கான ஊதியத்தைக் குறிக்கும் ‘கூலி’ என்ற சொல், காலனியத் தோட்டங்களில் உழைப்பவரையே குறிக்கும் சொல்லாகி, பிறகு இந்தியர் அனைவர்மீதும் ஒட்டிய வசையாயிற்று. இதன் மூலம் தமிழ்ச்சொல் என்பாரும், குஜராத்தின் கோலி இனப்பெயர் என்பாரும் உண்டு. எதுவாயினும் பயணம் ஒன்றே. மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி அவ்வசையை எடுத்து ஓர் இலக்கியக் கோட்பாட்டுக்கே பெயராக்கினார். ரீயூனியன் தீவில் தமிழ்வழி வந்தோர், தம் முன்னோர் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்திருந்தும், ‘மலபார்’ என்றே அழைக்கப்பட்டனர்; இன்று அப்பெயரைத் தமதாகவே கொண்டுள்ளனர். அத்தீவிலிருந்து ஒரு சிறு கூட்டம் 19-ஆம் நூற்றாண்டில் கரும்பு வேலைக்காக நியூ கலிடோனியாவுக்கும் போனது. ஒரே மண்ணில், தவறான பெயரிடப்பட்ட இரு மக்கள் கூட்டங்கள் சந்தித்தன.

தமிழில் எழுதுவோர் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது எழுத்துக்கூட்டல். ‘கனகா’ என்று எழுதினால் நடுவிலுள்ள ககரம் மெலிந்து ஒலிக்கும். படிப்பவர் பெண்பெயர் என்றே கொள்வார். எனவே ஹவாய்ச் சொல்லுக்குக் கனக்கா என்றும், நியூ கலிடோனிய மக்களுக்குக் கனாக் என்றும் எழுதுவது தெளிவு.

இரண்டாவது பன்மை. தமிழில் மக்களைச் சுட்டுவதே உயர்திணை என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்து வரும் பாகுபாடு. ‘கனாக்குகள்’ என்று எழுதும்போது, மனிதர் என்று பொருள்படும் சொல்லை நாம் அஃறிணைப் பக்கம் தள்ளிவிடுகிறோம். விகுதி ஏற்காத பெயர் என்று அம்மக்களே சொல்லியிருப்பதால் ‘கனாக் மக்கள்’ என்பதே பொருத்தம்.

மூன்றாவது மொழிபெயர்ப்பு. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சமோவாவில் வாழ்ந்தபோது எழுதிய ‘ஃபலேசாக் கடற்கரை’ என்ற நெடுங்கதையை ஒரு வெள்ளை வணிகன் தன் வாயால் சொல்கிறான். தீவு மக்களை அவன் கனக்காக்கள் என்றே குறிக்கிறான். அத்தீவின் பெண்ணொருத்தியைப் போலி ஒப்பந்தத்தால் மணந்து, பிறகு அவளை மெய்யாகவே மனைவியாக்கிக்கொள்பவனும் அவனே. அவன் அன்பும் இளக்காரமும் ஒரே நாவில் இருப்பதுதான் கதையின் வலிமை. மொழிபெயர்ப்பாளர் நாகரிகம் கருதி எல்லா இடத்திலும் ‘தீவு மக்கள்’ என்று எழுதினால், வாசகர் அவனை உள்ளதைவிட நல்லவனாகக் காண்பார். ஸ்டீவன்சனின் விமர்சனம் காணாமல் போகும். இங்கே கனக்கா என்ற சொல்லை அப்படியே வைத்து, முன்னுரையில் அதன் வரலாற்றைச் சொல்வதே முறை. அதே மொழிபெயர்ப்பாளர் தம் சொந்தக் குரலில் எழுதும் கட்டுரையில் அச்சொல்லைத் தீவினர் எல்லோருக்கும் வழங்கினால், அப்போது வணிகனின் குரல் அவருடையதாகிவிடும்.

மதிப்பீடு

தோங்காவின் வழிவந்த சிந்தனையாளர் எபெலி ஹவ்ஓஃபா 1993-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பசிபிக்கைத் தொலைகடலில் சிதறிய சிறுதீவுகள் என்று காண்பது வெளியார் பார்வை என்றும், தம் மக்களுக்கு அது தீவுகளால் ஆன பெருங்கடல் என்றும் வாதிட்டார். கனக்கா என்ற சொல்லின் கதையை அவர் பார்வையோடு சேர்த்து வாசிக்கலாம். வெளியார் அச்சொல்லைப் பரப்பியபோது மக்களிடையிலான வேறுபாடுகள் அழிந்தன. கனாக் மக்கள் அதை ஏற்றபோது வேறுபாடுகளை வைத்துக்கொண்டே ஒன்றாக நிற்க ஓர் இடம் கிடைத்தது. சொல் இரண்டு முறையும் பலரை ஒன்றாக்கியது. முதல் முறை கணக்கெடுக்க. இரண்டாம் முறை கணக்குக் கேட்க.

இச்சொல்லுக்கு ‘பசிபிக் தீவுவாசி’ என்று பொருள் எழுதும் அகராதி, அதை யார் யாரைப் பற்றி எங்கே சொல்வது என்ற குறிப்பையும் சேர்த்து எழுதவேண்டும். அக்குறிப்பு இல்லாத பொருள், தோட்டத்துப் பதிவேட்டின் பொருளாகவே இருக்கும்.